இன்று தண்ணீர் விழுகிறதா?

மே 28, புதன்

அத்தானின் ஹோட்டலுக்கு இன்று வெப்சைட் திறந்தோம். திறந்தோம் என்றால், நான் லேப்டாப்பில் ஒரு பட்டனை அழுத்தினேன், அத்தான் பக்கத்தில் நின்று சூடம் காட்டினார். தேங்காயை லேப்டாப் முன்னால் உடைக்க வேண்டாம் என்று அக்காதான் தடுத்தாள்.

ஹோட்டலுக்கு மாரி என்று பெயர். மாரி என்றால் மழை, குற்றாலத்துக்குப் பொருத்தம் என்று அத்தான் ஊரெல்லாம் சொல்கிறார். அக்காவிடம் மட்டும், "உன் பேருதான் வச்சிருக்கேன்" என்கிறார். அவள் மாரிச்செல்வி. தென்காசியில் முப்பது வருஷம் நடத்திய உரக்கடையை மூடிவிட்டு ஐந்தருவி ரோட்டில் கட்டியது, பதினாறு ரூம். ஜூன் பிறந்தால் சீசன்.

தினமும் சைட்டுக்கு எத்தனை பேர் வருகிறார்கள், நாம் என்ன செய்தோம் என்று ஒரு நோட்டில் எழுதி வை என்றார் அத்தான். கடைக்காரப் புத்தி. அந்த நோட்டுதான் இது. இன்று வந்தவர்கள் பதினொன்று. நான், அக்கா, அம்மா, மீதி எல்லாம் அத்தான், வேறு வேறு போனில்.

என் பெயர் முப்புடாதி. கோயம்புத்தூரில் இதே சைட் வேலைதான் பார்த்தேன். அத்தான் கூப்பிட்டதால் வந்திருக்கிறேன். வீட்டுக்காரருக்கு ஆபீஸில் வேலை அதிகம், அவர் வரவில்லை.

ஜூன் 1, ஞாயிறு

வந்தவர்கள் இரண்டு. அதில் ஒன்று நான்.

"விதச்சு நாலு நாளாச்சே புள்ள, இன்னும் முளைக்கலியே" என்றார் அத்தான்.

ஜூன் 4, புதன்

சைட்டைப் பார்த்து முதல் போன். அத்தான் ஸ்பீக்கரில் போட்டார்.

"ஹோட்டல் மாரியா? பரோட்டா எத்தன மணிக்குப் போடுவிய?"

"இது தங்குத ஹோட்டல்ங்க."

"தங்கி என்ன செய்ய? நாட்டுக்கோழி இருக்கா இல்லியா, அதச் சொல்லும்."

சாயங்காலத்துக்குள் இன்னும் ஐந்து போன். எல்லாம் சாப்பாடு. ஒருத்தர் பன்னிரண்டு பேருக்கு மட்டன் சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டார். அவர்கள் வந்து நின்றால் என்ன செய்வது என்று அக்காவுக்குக் கவலை. கறி எடுத்து வைக்கட்டுமா என்று கேட்டாள்.

தப்பு என்னுடையதுதான். ஆபீஸில் இங்கிலீஷில் எழுதி எழுதி மறந்துவிட்டது. தமிழ் பேசுகிற யாருக்கும் ஹோட்டல் என்றால் இலை போடுகிற இடம். நான் வரிக்கு வரி ஹோட்டல், ஹோட்டல் என்று நிரப்பி வைத்திருக்கிறேன். அத்தானுக்கு மட்டும் சந்தோஷம். இன்று வந்தவர்கள் அறுபதுக்கு மேல்.

ஜூன் 7, சனி

ஹோட்டலை எல்லா இடத்திலும் எடுத்துவிட்டு 'தங்கும் விடுதி' என்று போட்டேன். சங்கரன்கோவிலிலிருந்து ஒரு அப்பா கூப்பிட்டார். மகளுக்குத் தென்காசியில் நர்சிங் சீட் கிடைத்திருக்கிறதாம்.

"வார்டன் யாரு? பிள்ளையள எத்தன மணிக்கு உள்ள அடைப்பிய?"

அடைக்க மாட்டோம் என்றேன். நல்லா நடத்துதிய விடுதி என்று திட்டிவிட்டு வைத்தார்.

ஜூன் 8, ஞாயிறு

லாட்ஜ் என்று போடலாமா என்று கேட்டேன். அத்தான் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

"லாட்ஜுன்னு போட்டா எந்தக் குடும்பம் புள்ள வரும்? போலீசுதான் வரும்."

சத்திரம் என்றாள் அக்கா. சத்திரம் என்றால் ஓசியில் படுக்க வருவார்கள், இல்லாவிட்டால் கல்யாணம் வைக்க வருவார்கள். மூன்று பேரும் இட்லியைப் பிய்த்துக்கொண்டு யோசித்தோம். இத்தனை கோயிலும் அருவியும் இருக்கிற சீமையில், காசு கொடுத்துக் கௌரவமாகத் தங்குகிற இடத்துக்கு நம்மிடம் சந்தேகம் இல்லாத ஒரு சொல் இல்லை. கடைசியில் அத்தானே, "பஸ்ஸ விட்டு இறங்குதவன் என்ன கேக்கான்? ரூம் இருக்கான்னுதான கேக்கான்?" என்றார்.

'குற்றாலத்தில் குடும்பத்தோடு தங்க ரூம்' என்று மாற்றினேன். பரோட்டா போன் நின்றது. வந்தவர்கள் ஒன்பது.

ஜூன் 14, சனி

மதுரைக்காரன் ஒருவன் போனில் அத்தானைப் பிடித்து, சைட்டுக்கு ஆள் அனுப்புகிறேன் என்றிருக்கிறான். வேண்டாம் என்று நான் சொன்னேன். கேட்காமல் பணம் கட்டிவிட்டார். காலையில் பார்த்தால் நாலாயிரம் பேர்! அத்தான் அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினார், பால்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார்.

எந்தெந்த ஊர் என்று நான் திறந்து காட்டினேன். வாயில் நுழையாத ஊர்கள். ஒருத்தரும் ஒரு நொடிக்கு மேல் நிற்கவில்லை. வாசல் வரை வந்துவிட்டுச் செருப்பைக்கூடக் கழற்றாமல் போயிருக்கிறார்கள்.

அத்தான் லேப்டாப்பை என் பக்கம் தள்ளினார். பிறகு, "யூரியா" என்றார். "பயிரு பச்ச கட்டும், மணி பிடிக்காது. நானே எத்தன பேருக்குச் சொல்லிருக்கேன்."

ஜூன் 17, செவ்வாய்

சாரல் இறங்கிவிட்டது. அத்தானின் கூட்டாளிகள் மூலமாக வருகிற போன் எல்லாவற்றிலும் ஒரே கேள்வி. ரூம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால், ஏசியா என்று கேட்பதற்கு முன்னால், "தண்ணி விழுதா?"

பாவம், அவர்களுக்கு அது தெரிய வேண்டாமா? மதுரையிலிருந்து பிள்ளைகுட்டியோடு வேன் பிடித்து வந்து, காய்ந்த பாறையைப் பார்த்துவிட்டா போவார்கள்? நாளைக் காலையில் அத்தானின் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு நானே போய்ப் பார்த்து எழுதப் போகிறேன்.

ஜூன் 18, புதன்

சைட்டில் எழுதியது இது:

'இன்று காலை. ஐந்தருவியில் மூன்று கிளையில் விழுகிறது. மெயினருவி ஆண்கள் பக்கம் நன்றாக, பெண்கள் பக்கம் சுமார். பழைய அருவி பரவாயில்லை. கூட்டம் குறைவு. குரங்கு அதிகம், சோப்பு டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நிற்காதீர்கள்.'

ஜூன் 24, செவ்வாய்

தினமும் எழுதுகிறேன். நேற்று முந்நூறு, இன்று எண்ணூறு. விருதுநகர், சிவகாசி, ராஜபாளையம், மதுரை. வாசிக்கத் தெரிந்த ஊர்கள். ஒவ்வொருவரும் நின்று படிக்கிறார்கள், மறுநாள் காலையில் திரும்பவும் வருகிறார்கள்.

ரூம் மட்டும் நிரம்பவில்லை. "படிச்சிட்டுக் காலையில வந்து குளிக்கான், சாயங்காலம் வண்டி ஏறிருதான். நம்ம கடைக் கண்ணாடியில தலை சீவிட்டுப் போறான்" என்றார் அத்தான். அவர் சொல்வதும் சரிதான். இருந்தாலும் தலை சீவ வருகிறவன் என்றைக்காவது சீப்பு வாங்குவான் என்றேன்.

ஜூன் 29, ஞாயிறு

ஆறு ரூம் போனது. அருப்புக்கோட்டையிலிருந்து வந்த விஜயராணி என்ற அம்மா, பை வைப்பதற்கு முன்னால் என்னைப் பார்த்து, "குரங்கு சோப்பு டப்பா எழுதுதவுக நீங்கதானா?" என்றாள். ஆமாம் என்றேன். வெட்கமாக இருந்தது. எனக்கு நன்றாகவும் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்?

ஜூலை 3, வியாழன்

மெயினருவியில் பாதுகாப்பு ஆர்ச்சுக்கு மேலே தண்ணீர் கொட்டுகிறது. குளிக்கத் தடை. அப்படியே எழுதினேன். "தடைங்கிறத கீழ போடக் கூடாதா, சின்ன எழுத்துல?" என்று அத்தான் கேட்டார். முதல் வரியில் போட்டேன். நாளைக்கு வர இருந்தவர்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை, ஒரு நாள் தள்ளி வருகிறோம் என்றார்கள். அத்தான் முணுமுணுப்பை நிறுத்திக்கொண்டார்.

வீட்டுக்காரர் போன் பண்ணினார். எடுக்கவில்லை. அருவிச் சத்தத்தில் கேட்கவில்லை என்று அம்மாவிடம் சொன்னேன்.

ஜூலை 9, புதன்

பதினாறும் நிரம்பிவிட்டது. வார நாளில்! வந்தவர்கள் இரண்டாயிரத்தைத் தாண்டியாயிற்று. யாருக்கும் பணம் கட்டாமல், வாயில் நுழைகிற ஊர்களிலிருந்து.

அத்தான் பூரித்துப்போய், "சீசன் இப்படியே ஓடிச்சுன்னா நீ இங்கனயே இருந்துரு புள்ள. வருசம் பூரா ஆபீஸ நீ பாத்துக்க. மாடி ரூம் உனக்கு" என்றார். அக்கா என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

மாடி ரூமில் ஒரு கட்டில், ஒரு மேஜை. ஜன்னலைத் திறந்தால் மலை. பகல் பூராவும் அதைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 17, வியாழன். ஆடி 1

எதிர்வீட்டு அம்மா, "ஆடிக்கு வந்திருக்கியா? ஆடிக்கு வைகாசியிலேயே வந்துட்ட பொண்ண இப்பத்தான் பாக்கேன்" என்று சிரித்தாள். கல்யாணமாகி மூன்றாவது ஆடி. யாரும் அழைத்துவர வேண்டியதில்லை.

அம்மா போனில், "ஆடி முடியட்டும், ஆவணி ஒண்ணாந் தேதி நானே கொண்டுபோய் விடுதேன். அந்த மனுசன் குடிச்சானா, அடிச்சானா? என்ன குத்தம் கண்ட?" என்றாள்.

குடிக்கவில்லை. அடிக்கவில்லை. முதல் நாள் இந்த நோட்டில் அவருக்கு ஆபீஸில் வேலை அதிகம் என்று எழுதியிருக்கிறேன். அத்தான் புரட்டுவார் என்று எழுதியது. இப்போது அவர் புரட்டுவதில்லை. என் வீட்டுக்காரர் அருணகிரிக்கு வேலை போய் அப்போதே பல மாதம் ஆகியிருந்தது. எனக்குச் சொல்லவில்லை. தினமும் நான் கட்டிக் கொடுத்த டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்புவார். ஆபீஸ் எப்படி என்றால், "சூப்பரா போகுது" என்பார். ஒரு நாள் மழைக்கு உக்கடம் பஸ் ஸ்டாண்டில் ஒதுங்கினேன். பெஞ்சில் உட்கார்ந்து என் தயிர்சாதத்தைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் என்னைப் பார்க்கவில்லை. அன்று சாயங்காலமும் ஆபீஸ் எப்படி என்று கேட்டேன். சூப்பரா போகுது என்றார்.

வேலை போனதற்காக நான் அவரை விட்டு வரவில்லை. பார்த்துவிட்டேன் என்று சொன்ன பிறகும், "புதுக் கம்பெனி ஒண்ணு பேசியாச்சு, ஆடி கழிஞ்சதும் சேரணும்" என்கிறார். எந்தக் கம்பெனி என்றால் பேச்சை மாற்றுகிறார். அவர் சொல்கிற எதையும் என்னால் நம்ப முடியாது. ஒரு வீட்டுக்குள் அப்படி எப்படி இருப்பது?

ஆகவே கணக்கு இதுதான். சைட் ஓடினால் மாடி ரூம். ஓடாவிட்டால் ஆவணி ஒன்று.

ஜூலை 24, வியாழன்

வெயில். ஐந்தருவியில் ஒரு கிளை மட்டும்.

ஜூலை 26, சனி

ஒரு கிளையும் நூலாகிவிட்டது. 'குளிக்க முடியாது, வரிசையில் நின்று தலையை நனைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்' என்று எழுதினேன். நாலு ரூம் வேண்டாம் என்றார்கள்.

ஜூலை 29, செவ்வாய்

அத்தானோடு சண்டை. ஆடிப்பெருக்கு ஞாயிற்றுக்கிழமை வருகிறது. பதினாறு ரூமில் மூன்றுதான் போயிருக்கிறது.

"மிதமா விழுதுன்னு எழுது. மிதம்னா என்ன? ஆளுக்கு ஆள் மிதம் வேற."

"சொட்டுது அத்தான். மிதம்னா சொட்டுததுக்குப் பேரில்ல."

"பக்கத்து ரிசார்ட்காரன் போட்டிருக்கான், பாரு, போட்டோவோட!"

"அது போன வருசத்துப் போட்டோ."

"எனக்குத் தெரியாதா? வாரவன் கேட்டானா? உன் மாடி ரூமும் இதுலதான் இருக்கு, பாத்துக்க."

எழுத மாட்டேன் என்று எழுந்து வந்துவிட்டேன். 'தண்ணீர் இல்லை, தூவானம் மட்டும்' என்று போட்டேன்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

ஆடி வெள்ளி. அக்காவோடு அம்மன் கோயிலுக்குக் கூழ் ஊற்றப் போயிருந்தேன். திரும்பி வந்து சைட்டைப் பார்த்தால்:

'குற்றாலத்தில் அருவிகள் ஆர்ப்பரிக்கின்றன! குடும்பத்துடன் வாரீர்! குளித்து மகிழ்வீர்!'

உரக்கடை திறப்பு விழா நோட்டீஸ் மாதிரி. பாஸ்வேர்டு அத்தானிடமும் இருக்கிறது. வந்தவர்கள் ஐயாயிரத்துக்கு மேல், சைட் தொடங்கியதிலிருந்து இதுவரை இல்லாத கூட்டம். பதினாறு ரூமும் போய்விட்டது.

"ஒரு நாள் இருக்கட்டும் புள்ள" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

லேப்டாப் என் கையில்தான் இருந்தது. அழிப்பதற்கு ஒரு நிமிஷம் ஆகாது. நாளைக்குள் மழை வந்தாலும் வரும் என்று நினைத்தேன். மலைமேல் கறுப்பாக இருப்பதுபோல்கூடத் தெரிந்தது. மாடி ரூம் கட்டிலுக்கு அக்கா புது விரிப்பு வாங்கி வைத்திருந்தாள். லேப்டாப்பை மூடி வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 2, சனி

மழை வரவில்லை.

பத்து மணிக்கெல்லாம் எல்லோரும் வந்துவிட்டார்கள். பதினொன்றரைக்கு எல்லோரும் அருவியிலிருந்து திரும்பிவிட்டார்கள், உலர்ந்த துண்டோடு. வரவேற்பில் ஒரே கூச்சல். அத்தான், "காலையில விழுந்துச்சுங்க, இப்பதான் நின்னுச்சு" என்று ஒவ்வொருவரிடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அருப்புக்கோட்டை விஜயராணியும் வந்திருந்தாள். இந்தத் தடவை தங்கச்சி குடும்பத்தையும் சேர்த்துக்கொண்டு. அவள் கத்தவில்லை. என் மேஜைக்கு வந்து, "அது நீங்க எழுதினதா? உங்க எழுத்து மாதிரி இல்லன்னு என் வீட்டுக்காரர் சொன்னாரு. நான்தான், அவுக பொய் எழுத மாட்டாவன்னு கூட்டிட்டு வந்தேன்" என்றாள்.

நான் எழுதவில்லை என்று சொல்லியிருக்கலாம். அது உண்மையும்கூட. ஆனால் அத்தானுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு சொல்கிற உண்மை எனக்குப் பிடிக்கவில்லை.

"எழுதினது நானில்லக்கா. ஆனா நேத்தே பாத்துட்டேன். தெரிஞ்சும் அழிக்கல" என்றேன்.

காலையில் விழுந்தது என்று சொல்வதை அத்தான் அதோடு நிறுத்திக்கொண்டார். பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்று அக்கா உள்ளேயிருந்து சொன்னாள், அவள் சொன்னால் அத்தானுக்கு அப்பீல் கிடையாது. சாயங்காலத்துக்குள் எல்லா ரூமும் காலி. விஜயராணி போகும்போது என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அதற்குத்தான் எனக்கு அழுகை வந்தது.

உட்கார்ந்து எழுதினேன்:

'இன்று எந்த அருவியிலும் தண்ணீர் இல்லை. நேற்று இங்கே எழுதியிருந்தது பொய். பார்த்த பிறகும் நான் அதை அழிக்காமல் விட்டேன். ரூம் நிரம்ப வேண்டும் என்ற ஆசை. நம்பி வந்தவர்கள் மன்னிக்க வேண்டும். முப்புடாதி.'

அத்தான் எனக்குப் பின்னால் நின்று வாசித்தார். "முப்பது வருசம் உரத்துல ஒரு பிடி மண்ணு கலந்ததில்ல நான்" என்றார். பிறகு, "பாஸ்வேர்ட மாத்திரு புள்ள. எனக்குச் சொல்லாத" என்றார்.

ஒரு பொய் சொல்வது இவ்வளவு சுலபம் என்று எனக்குத் தெரியாது. கெட்ட எண்ணம்கூட வேண்டியதில்லை. நாளைக்குச் சரியாகிவிடும் என்று நினைத்தால் போதும்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு. ஆடிப்பெருக்கு

அக்கா சித்திரான்னம் கிளறினாள். சாப்பிட ஆளில்லை. சைட்டுக்கு வந்தவர்கள் பாதியாக இறங்கிவிட்டார்கள்.

ஒன்பது மணிக்கு அவர் வந்தார். கோயம்புத்தூர் பஸ்ஸில் ராத்திரி முழுக்க உட்கார்ந்து வந்த முகம். தோளில் ஒரு பை. அத்தான், "வாங்க மாப்ள" என்று எழுந்தவர், என்னைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் எடுத்து வருகிறேன் என்று உள்ளே போய்விட்டார்.

"நேத்து நீ எழுதினத வாசிச்சேன்" என்றார்.

நான் லேப்டாப்பை மூடினேன்.

"தினமும் வாசிப்பேன். நேத்து வாசிச்சதும் கிளம்பிட்டேன்."

எல்லாம் சரியாகிவிடும் என்று அடுத்து சொல்வார் என்று நினைத்தேன். அதைச் சொன்னால் அப்படியே திருப்பி அனுப்பிவிடுவது என்று மனதுக்குள் முடிவு பண்ணிக்கொண்டு கேட்டேன்.

"வேலை?"

"இல்ல."

"ஆடி கழிஞ்சு சேரணும்னு சொன்ன கம்பெனி?"

பையின் வாரைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தார்.

"அப்படி ஒரு கம்பெனியே இல்ல முப்பு."

இதற்குப் பிறகு ஒரு 'ஆனா' வரும் என்று காத்திருந்தேன். நின்றுகொண்டே இருந்தார். வரவில்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது, குனிந்து சாவிகளை அடுக்குவதுபோல் அடுக்கினேன். எத்தனை மாதமாக அந்த ஒரு 'இல்ல'வுக்காக உட்கார்ந்திருந்திருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

மாடி ரூமுக்கு வரச் சொல்லவில்லை. கீழே ஒன்பதாம் நம்பர் சாவியைக் கொடுத்தேன். குளித்துவிட்டு வந்து சாப்பிடுங்கள் என்றேன். அக்கா எலுமிச்சைச் சாதத்தைச் சூடு பண்ண எடுத்துப் போனாள்.

ஆகஸ்ட் 4, திங்கள்

ஐந்தருவிக்குப் போய்ப் பார்த்துவிட்டு, தண்ணீர் இல்லை என்று எழுதினேன். வந்தவர்கள் நேற்றைவிடக் குறைவு.

அவர் இன்னும் கிளம்பவில்லை. நான் கிளம்பச் சொல்லவும் இல்லை.